வைத்தியரைச் சோம்பேறி என்று எழுதலாமா?

கேள்வி: லண்டன், ஹாரோவில் வசிக்கிறேன். அப்பாவுக்கு 71 வயது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுக்கிறார். ஒரு மாதத்துக்கு மேலாக இருமுகிறார். காலை 8 மணிக்கு ஜி.பி. (குடும்ப வைத்தியர்) கிளினிக்குக்குத் தொலைபேசி எடுத்தால், ‘நீங்கள் வரிசையில் 34ஆவது ஆள்’ என்று இயந்திரம் சொல்லும். என் முறை வரும்போது ஒன்பது மணியாகிவிடும். ‘இன்றைய இடங்கள் முடிந்துவிட்டன, நாளை எடுங்கள்’ என்பார்கள். போதாததற்கு, ரிசப்ஷனில் இருப்பவர் அப்பாவுக்கு என்ன வருத்தம் என்று துருவித் துருவிக் கேட்கிறார். கடைசியில் வைத்தியர் தொலைபேசியில் நாலு நிமிடம் பேசி, ‘வைரஸாக இருக்கும், தானாக மாறிவிடும்’ என்று முடித்துவிட்டார். அவரும் நம்முடைய தமிழ் ஆள்தான். அதனால் எனக்குக் கோபம் இன்னும் கூடிவிட்டது. இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டு, அவர் பெயரையும் குறிப்பிட்டு, ‘சோம்பேறி, கோவிட்டைச் சாட்டிக் கதவைப் பூட்டிக்கொண்டு சம்பளம் எடுக்கிறார்’ என்று எழுதினேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் பாராட்டினார்கள். ஜி.பி. ஆவதற்குப் பயிற்சி பெறும் என் பெரியம்மாவின் மகள் மட்டும், ‘அக்கா, தயவுசெய்து அதை அழித்துவிடுங்கள்’ என்கிறாள். வரி கட்டும் எங்களுக்கு விமர்சிக்க உரிமை இல்லையா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அப்பாவின் இருமலைப் பார்ப்போம். நட்சத்திரக் கணக்கைப் பிறகு பேசலாம்.

எழுபத்தொரு வயதுக்காரருக்கு மூன்று வாரத்தைத் தாண்டியும் இருமல் நிற்கவில்லை என்றால், யாராவது அவரை நேரில் பார்த்து, நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு, பெரும்பாலும் எக்ஸ்ரேக்கும் அனுப்ப வேண்டும். ‘அப்பாவுக்கு இருமல்’ என்று மட்டும் சொன்னால் அது அன்று வரும் பல இருமல்களில் ஒன்றாகப் போய்விடும். வயது, எத்தனை வாரம், சளியில் இரத்தம் வந்ததா, எடை குறைகிறதா, இரவில் உடம்பு நனைய வியர்க்கிறதா, படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, எந்தக் காலத்திலாவது புகைத்தவரா, இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். இலங்கையிலோ இந்தியாவிலோ வாழ்ந்தவர் என்றால் அதையும் சேருங்கள். காசநோயை நினைத்துப் பார்க்க வேண்டும். இரத்தம் கண்டால் அன்றைக்கே பார்க்கச் சொல்லி வற்புறுத்துங்கள். மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ கிளினிக்கை விட்டுவிட்டு அவசர உதவிக்கு 999ஐ அழையுங்கள்.

இன்னொன்று. அப்பாவின் மாத்திரைப் பெட்டியை எடுத்துப் பாருங்கள். ராமிப்ரில், லிசினோப்ரில், பெரிண்டோப்ரில் என்று ‘ப்ரில்’ என்று முடியும் பெயர் ஏதாவது இருக்கிறதா? சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்த பலருக்கு இந்த வகை மருந்துதான் எழுதப்படுகிறது. தொண்டையில் ஏதோ அரிப்பது போன்ற வறட்டு இருமலை இது கொண்டுவரும். மருந்து தொடங்கிப் பல மாதம் கழித்துக்கூட வரும். அகப்பட்டால் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். தெருமுனைப் பார்மசியில் காட்டுங்கள், மாற்று மருந்து உண்டு. மாத்திரையில் காரணம் கிடைத்துவிட்டது என்று எக்ஸ்ரேயை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இனி உங்கள் கேள்வி. நானும் இங்கிலாந்தில் ஜி.பி.யாகத்தான் வேலை செய்கிறேன். ஆகவே நான் சொல்வதில் கொஞ்சம் கழித்துக்கொண்டே வாசியுங்கள்.

விமர்சிக்கும் உரிமை உங்களுக்குத் தாராளமாக இருக்கிறது. எங்கள் தொழிலில் சிலர், பொதுமக்கள் வாய் திறந்தாலே ‘நாங்கள் எவ்வளவு களைத்திருக்கிறோம் தெரியுமா’ என்று தொடங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வைத்தியர் களைத்திருந்தாரா என்று நோய் பார்ப்பதில்லை. ஜெசிகா பிரேடி என்ற 27 வயதுப் பெண் தன் கிளினிக்கை இருபது தடவைக்கு மேல் தொடர்புகொண்டும் புற்றுநோய் நேரத்துக்குக் கண்டுபிடிக்கப்படாமல் 2020 டிசம்பரில் இறந்துபோனார். அவருடைய பெற்றோர் விடாமல் பேசினார்கள். அதன் பலனாக 2025 செப்டம்பரில் ‘ஜெஸ் விதி’ வந்தது. ஒரே வருத்தத்துக்காக ஒருவர் மூன்றாவது முறை வந்தால், முதலில் நினைத்ததை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக யோசிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். பெற்றோர் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது வந்திராது. உங்கள் அப்பாவுக்கும் அதைச் சொல்லிக் கேட்கலாம்: ‘இது எங்களுக்கு மூன்றாவது அழைப்பு.’

ஒரு மாத இருமல் என்று அந்த வைத்தியருக்குச் சொல்லப்பட்டிருந்தால், நேரில் பார்க்காமல் வைரஸ் என்று முடித்தது போதாது. அதை எழுதுங்கள், முறையிடுங்கள். நான் தடுக்க மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியது அதுவல்லவே. ‘சோம்பேறி’ என்றீர்கள், ‘கதவைப் பூட்டினார்’ என்றீர்கள். இரண்டும் பிழை. பிழை என்பதால் உங்கள் நியாயமான முறைப்பாடும் அவற்றோடு சேர்ந்து அடிபட்டுப் போகிறது.

கதவைப் பூட்டச் சொன்னது யார்? 2020 மார்ச்சில், யாரையும் நேராக உள்ளே விடாமல் முதலில் தொலைபேசியில் விசாரித்துப் பிரிக்கும்படி எல்லாக் கிளினிக்குகளுக்கும் உத்தரவிட்டது இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவைத் தலைமையே. காத்திருப்பு அறையில் முதியவர்கள் ஒருவர்மேல் ஒருவர் இருமிக்கொண்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். அடுத்த ஆண்டு அதே தலைமை, நேரில் பார்க்க வேண்டும் என்று மறுபடி எழுதியது. 2021 இலையுதிர் காலத்தில் ‘டெய்லி மெயில்’ ஜி.பி.க்கள் நேரில் பார்ப்பதில்லை என்று நாள் தவறாமல் முதல் பக்கத்தில் இயக்கம் நடத்தியது. அக்டோபரில் அன்றைய சுகாதார அமைச்சர் சஜித் ஜாவித், 25 கோடி பவுண்டு ஒதுக்கி, கூடவே கிளினிக்குகளைப் பட்டியல் போட்டு மதிப்பிடும் திட்டத்தையும் அறிவித்தார். அதற்கு முந்தைய மாதம்தான் மான்செஸ்டரில் ஒரு கிளினிக்குக்குள் புகுந்த ஒருவர் தாக்கி ஊழியர்கள் நால்வர் காயமடைந்திருந்தார்கள். தலைப்புச் செய்திதான் அந்தக் கையை ஓங்க வைத்தது என்று நான் சொல்ல வரவில்லை. ரிசப்ஷனில் இருப்பவர்கள் எந்த மனநிலையில் தொலைபேசியை எடுத்திருப்பார்கள் என்று மட்டும் யோசியுங்கள்.

இப்போது அந்தச் சோம்பேறியின் ஒரு காலைப் பொழுதைப் பாருங்கள். ஒருவருக்குப் பத்து நிமிடம். அதற்குள் அழைத்து, உட்காரவைத்து, கேட்டு, பார்த்து, முடிவெடுத்து, கணினியில் பதிந்து, மருந்தும் எழுதியாக வேண்டும். முழங்கால் வலிக்கு வந்தவர் எழுந்து கதவுப் பிடியில் கை வைத்தபடி, ‘அதோடு டாக்டர், இரண்டு நாளாக மலத்தில் இரத்தம்’ என்பார். இனி அவரை எப்படி அனுப்புவது? மறுபடி உட்காரவைக்க வேண்டும். பின்னால் இருப்பவர்கள் எல்லோருக்கும் நேரம் தள்ளிப்போகும். மதியம் நோயாளர்கள் போனதும் கதவு சாத்தப்படும். நீங்கள் கண்ட பூட்டிய கதவு அநேகமாக அதுதான். உள்ளே கணினித் திரையில் இரத்தப் பரிசோதனை முடிவுகள் வரிசையாக நிற்கும். எழுபது சரியாக இருக்கும், எழுபத்தொன்றாவதில் பொட்டாசியம் 6.3 என்று ஆபத்தான அளவில் இருக்கும். அந்த மனிதரை உடனே தேடிப்பிடிக்க வேண்டும். ஆஸ்பத்திரிக் கடிதம் ஒன்று நான்கு பக்கம் ஓடி, கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில் ‘இரண்டு வாரத்தில் ஜி.பி. சிறுநீரகப் பரிசோதனை செய்யவும்’ என்று முடியும். அந்த ஒரு வரியைக் கண் தவறவிட்டால் பொறுப்பு எங்கள் தலையில். பிறகு மருந்துச் சீட்டுகள், முதியோர் இல்லத்திலிருந்து அழைப்பு, வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டிய ஒருவர். ஒரு நாளைக்கு 25 பேருக்கு மேல் பார்ப்பது பாதுகாப்பில்லை என்று பிரித்தானிய மருத்துவச் சங்கம் சொல்கிறது. அந்த எண்ணோடு வீட்டுக்குப் போகும் ஜி.பி.யை நான் அதிகம் கண்டதில்லை.

‘வரி கட்டுகிறோம்’ என்கிறீர்கள். அந்தப் பணம் கிளினிக்குக்கு எப்படிப் போகிறது என்பது பலருக்குத் தெரியாது. 1948இல் தேசிய சுகாதார சேவை தொடங்கியபோதே ஜி.பி.க்கள் அரச ஊழியர்களாகச் சேரவில்லை. ஒப்பந்தக்காரர்களாகவே இருந்தார்கள், பெரும்பாலான கிளினிக்குகள் இன்றும் அப்படித்தான். பதிந்த ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு தொகை. 2023-24இல் அடிப்படைத் தொகை 102 பவுண்டுச் சொச்சம், வயதையும் நோயையும் பார்த்துக் கூட்டிக் குறைப்பார்கள். வேறு சில கொடுப்பனவுகளும் உண்டு என்றாலும் இதுதான் முதுகெலும்பு. மாதக்கட்டணம் வாங்கும் மெஸ் மாதிரி: ஒருவர் ஒருநாளும் சாப்பிட வராவிட்டாலும் அதே காசு, மூன்று வேளையும் வந்து மறுசோறு கேட்டாலும் அதே காசு. உங்கள் அப்பாவை இருபது முறை பார்த்தாலும் கிளினிக்குக்குக் கூடுதலாக எதுவும் பெரிதாக வராது. ஊரில் காசு கொடுத்து, டோக்கன் எடுத்து, அன்று மாலையே பார்த்த பழக்கத்தோடு இங்கே வருபவர்களுக்கு இது பிடிபடவே பல காலம் ஆகும்.

இனி தலைகளை எண்ணுவோம். ஆட்களைக் கூட்டுகிறோம் என்று 2015இல் அன்றைய அமைச்சர் ஜெரமி ஹண்ட் 5,000 ஜி.பி.க்களைச் சேர்ப்பதாக வாக்குறுதி கொடுத்தார். 2019 தேர்தலில் அவருடைய கன்சர்வேடிவ் கட்சி 6,000 என்றது. 2021 நவம்பரில், அந்த இலக்கை எட்டும் பாதையில் நாம் இல்லை என்று அமைச்சர் ஜாவித்தே நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். இதற்கிடையில் இங்கிலாந்தில் ஜி.பி.யிடம் பதிந்தோர் தொகை 5.7 கோடி அளவிலிருந்து 6.3 கோடியைத் தாண்டிவிட்டது. 2015இல் முழுநேரக் கணக்கில் ஒரு ஜி.பி.க்குச் சுமார் 1,900 பேர். 2024இல் 2,200க்கு மேல். நீங்கள் 34ஆவது ஆளாக நின்றதற்கான கணக்கு இதில்தான் இருக்கிறது.

இதில் எனக்கு இன்னும் ஆறாத ஒன்று உண்டு. 2019 முதல் கிளினிக்குகளுக்குப் பார்மசிஸ்ட், பிசியோதெரபிஸ்ட் போன்றவர்களை நியமிக்கத் தனி நிதி வந்தது. நல்லதுதான். ஆனால் அந்தப் பணத்தில் ஜி.பி.யை நியமிக்க அப்போது அனுமதி இருக்கவில்லை. 2024இல், ஒரு பக்கம் நோயாளர் வரிசையில் நிற்க, மறுபக்கம் பயிற்சி முடித்த இளம் ஜி.பி.க்கள் வேலை கிடைக்காமல் அலைந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில்தான் விதியைத் தளர்த்தினார்கள். இதைத் திட்டமிட்டவர்களுக்கு ஒற்றை நட்சத்திரம் போட ஒரு பக்கம் இருந்தால், முதல் ஆளாக நானே போடுவேன்.

மக்களின் அதிருப்தி கற்பனை அன்று. பிரிட்டனின் சமூக மனப்பாங்கு ஆய்வில் ஜி.பி. சேவையில் திருப்தி என்றவர்கள் 2019இல் 68 சதவீதம், 2024இல் 31 சதவீதம். ஐந்தே ஆண்டில் அரைவாசிக்கும் கீழ். ஆனால் நோயாளர்களிடமே நேராகக் கேட்கும் இன்னொரு ஆய்வில், உள்ளே போய் ஒருவரைப் பார்த்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அவர்மேல் நம்பிக்கை இருந்தது என்கிறார்கள். கோபமெல்லாம் வாசலில் தேங்கிக் கிடக்கிறது. வாசலின் அகலத்தைத் தீர்மானிப்பவர் உள்ளே இருப்பவர் அல்லர்.

‘அவரும் தமிழ் ஆள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இதைக் கொஞ்சம் பேச வேண்டும். நம்மவர் என்றால் ஒரு சலுகை எதிர்பார்க்கிறோம். கிடைக்காதபோது அந்நியரிடம் காட்டாத கோபத்தை அவரிடம் காட்டுகிறோம். அவர் உங்கள் அப்பாவை வரிசையில் முன்னுக்கு எடுத்திருந்தால் அங்கே இன்னொருவருடைய அப்பா பின்னுக்குப் போயிருப்பார். இந்த நாட்டின் ஜி.பி. சேவையே நம் பக்கத்து மனிதர்களின் முதுகில் நின்றது. 1980களில் ஜி.பி.க்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் இந்தியத் துணைக்கண்டத்தில் பிறந்தவர். வேல்ஸின் சுரங்க ஊர்கள், வட இங்கிலாந்தின் தொழில் நகரங்கள் என்று உள்ளூர்ப் பட்டதாரிகள் போக விரும்பாத இடங்களுக்குப் போனவர்கள் அவர்கள். தேவை அதிகம் இருக்கும் இடத்தில்தான் வைத்தியம் குறைவாகக் கிடைக்கிறது என்று 1971இல் எழுதிய ஜூலியன் டியூடர் ஹார்ட்டும் வேல்ஸின் சுரங்க ஊரில் ஜி.பி.யாக இருந்தவர்தான். இன்று நீங்கள் ஒரு தமிழ்ப் பெயரைப் போட்டுச் ‘சோம்பேறி’ என்று எழுதுகிறீர்கள். அதற்குக் கீழே வேறொருவர் வந்து, இருமலையும் பாராமல் எக்ஸ்ரேயையும் பாராமல் அந்தப் பெயரை மட்டும் பார்த்து எழுதிவிட்டுப் போவார். என்ன எழுதுவார் என்று நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் பெரியம்மாவின் மகள் பயந்தது ஒருவேளை இதற்காகத்தான்.

ரிசப்ஷனில் துருவுவதைப் பற்றி: அவர்கள் பொழுதுபோக்குக்காகக் கேட்பதில்லை. யாரை இன்றே பார்ப்பது, யாரைப் பார்மசிக்கு அனுப்புவது என்று பிரிப்பதற்காகக் கேட்கச் சொல்லிப் பயிற்சி கொடுக்கப்படுகிறது. இரகசியம் காக்கும் கடமை அவர்களுக்கும் உண்டு. சொல்ல விருப்பமில்லை என்றால் ‘அந்தரங்கமான விஷயம்’ என்றால் போதும். ஆனால் அப்பாவின் விஷயத்தில் நீங்கள் விவரமாகச் சொல்வதே அவருக்கு நல்லது.

அடுத்த முறை காலை எட்டு மணிப் போட்டியில் இறங்காதீர்கள். 2025 அக்டோபர் முதல், வேலை நாட்களில் காலை 8 முதல் மாலை 6.30 வரை இணைய விண்ணப்பப் படிவத்தைத் திறந்து வைக்க வேண்டும் என்பது கிளினிக்குகளின் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. பதினொரு மணிக்கு ஆறுதலாக உட்கார்ந்து, மேலே சொன்ன விவரங்களை ஒன்று விடாமல் எழுதி அனுப்புங்கள். எழுத்தில் இருப்பதை யாரும் பிறகு ‘சொல்லவில்லை’ என்று மறுக்க முடியாது. அப்பாவுக்கு ஆங்கிலம் போதாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள், கட்டணம் இல்லை. மகள் பக்கத்தில் இருந்தால் போதாதா என்று நினைப்பீர்கள். எந்த அப்பாவும் மகளுக்கு முன்னால் பழைய சிகரெட் கதையைச் சொல்ல மாட்டார். சளியில் இரத்தம் கண்டிருந்தாலும் நீங்கள் பயந்துவிடுவீர்கள் என்று மறைப்பார்.

முடிந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே வைத்தியரைக் கேளுங்கள், இரண்டு நாள் தாமதமானாலும். நோர்வேயில் இலட்சக்கணக்கானவர்களை வைத்துச் செய்த ஆய்வில், பதினைந்து ஆண்டுக்கு மேல் ஒரே ஜி.பி.யிடம் போனவர்களுக்கு ஆஸ்பத்திரியில் சேருவதும் இறப்பும் ஏறத்தாழ கால்வாசி குறைவாக இருந்தன. நீங்கள் திட்டிய அந்த வைத்தியராகவே இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் அப்பாவின் இருமலை இரண்டாம் முறை கேட்பவருக்குத்தான் அது மாறவில்லை என்பது உறைக்கும்.

இனி அந்த நட்சத்திரம். அழிக்கச் சொல்ல மாட்டேன். வைத்தியரின் பெயரையும் ‘சோம்பேறி’யையும் எடுத்துவிட்டு, நடந்ததை மட்டும் எழுதுங்கள்: ‘71 வயது, ஒரு மாத இருமல், இத்தனை நாள் அழைத்தும் இடம் கிடைக்கவில்லை, நேரில் பார்க்காமல் முடித்துவிட்டார்கள்.’ படிப்பவருக்கு இதுதான் உறைக்கும். கிளினிக்கால் இதைச் சும்மா தள்ளிவிடவும் முடியாது. சோம்பேறி என்பதற்கு யார், என்ன பதில் சொல்வது? நோயாளரின் இரகசியம் காக்க வேண்டிய வைத்தியரால் இணையத்தில் தன் பக்கத்தை விளக்கவும் முடியாது.

இதைவிடப் பலன் தருவது முறைப்பாட்டுக் கடிதம். கிளினிக் முகாமையாளருக்கு எழுதுங்கள். அவரிடம் கொடுக்க விருப்பமில்லை என்றால் உங்கள் பகுதியின் சுகாதார சேவைகளைத் திட்டமிடும் ஒருங்கிணைந்த பராமரிப்புச் சபைக்கு (ICB) அனுப்பலாம். அப்பாவுக்காக நீங்கள் எழுதுவதால் அவருடைய ஒப்புதல் கையெழுத்தும் வேண்டும். நடந்து பன்னிரண்டு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், மூன்று வேலை நாளுக்குள் கிடைத்தது என்று அவர்கள் தெரிவிக்க வேண்டும். பதிலில் திருப்தி இல்லை என்றால் நாடாளுமன்றச் சுகாதாரக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம். அதே கடிதத்தின் பிரதியை உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். 5,000, 6,000 என்று வாக்குறுதி கொடுத்தவர்களும் இப்போது கொடுப்பவர்களும் உட்காரும் இடம் நாடாளுமன்றம்தான். ஒவ்வொரு கிளினிக்கிலும் நோயாளர் குழு ஒன்று இருக்க வேண்டும் என்பதும் விதி. நம்மவர்கள் அதில் எட்டிப் பார்ப்பதே அரிது. வாட்ஸ்அப் குழுவில் கைதட்டியவர்களில் ஒருவரையாவது அங்கே அனுப்பிவையுங்கள்.

முறைப்பாடு ஆறுதலாகப் போகட்டும், பன்னிரண்டு மாதம் இருக்கிறது. இணையப் படிவத்தை இன்றே நிரப்பிவிடுங்கள். எக்ஸ்ரே முடிவு வந்ததும் எழுதுங்கள்; அது எங்களுக்கும் தெரிய வேண்டும்.